சிலிக்கோன் அச்சில் வார்க்கும்போது வரும் பிழைகள்: துண்டைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

மட்டக்களப்பின் கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தை 1:72 அளவில் செய்யத் தொடங்கியபோது முதலில் என்னை மறித்தவை இரும்புத் தகடுகளைப் பிணைக்கும் தறையாணிகள் (ரிவெட்). 1924இல் திறந்த பாலம் அது. சட்டங்கள் கூடுகிற இடமெல்லாம் ஒரு தகடு, தகட்டில் வரிசையாகத் தறையாணித் தலைகள். 2 சென்டிமீற்றர் அகலமான ஒரு தலை இந்த அளவில் 0.3 மில்லிமீற்றரைக்கூடத் தொடாது. பொறுமையாக உட்கார்ந்தால் அப்படியொரு தகட்டைக் கையால் செய்துவிடலாம். அச்சொட்டாக அதைப் போல நூறு தகடு கையால் வராது. அதனால் ஒன்றை மட்டும் மூலத்துண்டாக ஒழுங்காகச் செய்து, அதன்மேல் சிலிக்கோன் ஊற்றி அச்செடுத்து, மற்றவற்றை ரெசின் என்கிற, ஊற்றினால் இறுகும் திரவத்தில் வார்க்கிறேன்.

அச்சுச் செய்வது எப்படி என்று தொடக்கத்திலிருந்து சொல்ல வரவில்லை. ஊற்றி முடித்து, காத்திருந்து, அச்சைப் பிரித்தபோது மனம் உடைந்து நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாமான் மட்டக்களப்பில் நினைத்தவுடன் கிடைப்பதில்லை. கொழும்பிலிருந்து வர வேண்டும், வரும்வரை வேலை நிற்கும். ஆகவே ஒன்று பிழைத்ததும் அடுத்த கிண்ணத்தைக் கலக்கத் தொடங்காதீர்கள். பிழைத்த துண்டையும் எறியாதீர்கள். எது பிழைத்தது என்று அந்தத் துண்டே காட்டும்.

ஒரே அச்சில் அடுத்தடுத்து வார்த்த மூன்று துண்டுகளை வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே குறை இருந்தால் பிழை அச்சில்தான். குறை துண்டுக்குத் துண்டு இடம் மாறினால் ஊற்றிய விதத்தில் பிழை. துண்டு முழுவதும் பரவிய குறை என்றால் கலவையிலோ ஈரத்திலோ தேடுங்கள். நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை இந்த மூன்று கூடைகளில் ஏதாவது ஒன்றில் விழுந்துவிடும். திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். விகிதத்தையும் மாற்றி, அச்சையும் சூடாக்கி, பவுடரும் போட்டால் துண்டு நன்றாக வரக்கூடும். ஆனால் எதனால் வந்தது என்று தெரியாது, அடுத்த மாதம் அதே பிழை திரும்பி வரும்.

எங்கள் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். போத்தலில் எழுதியிருக்கும் நேரங்கள் பெரும்பாலும் 23 பாகை செல்சியஸ் அளவிலான அறைக்குச் சொன்னவை. ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக இருக்கிற கல்லடியில் அப்படி ஒரு அறை கிடையாது. கச்சான் என்கிற சூடான வரண்ட காற்று அடிக்கிற மாதங்களில் விறாந்தையில் 33, 34 பாகை இருக்கும். 20 நிமிடம் கையாளலாம் என்று எழுதிய சிலிக்கோன் 10 நிமிடத்திலேயே தடிக்கத் தொடங்கும். மாரியில் சிக்கல் வேறு. கார்த்திகை, மார்கழியில் சுவரே வியர்க்கும்போது ரெசினுக்குள் ஈரம் போகாமல் காப்பதுதான் முழு வேலையும். ஒரே போத்தல், ஒரே அச்சு, ஒரே கைதான். ஆனால் ஆடியில் வந்த துண்டு மார்கழியில் வராது.

சிலிக்கோன் இறுகவில்லை

எங்கே இறுகவில்லை என்று முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள்.

அச்சு முழுவதும் ஒரே சீராக மெதுமெதுவென்று இருந்தால் கட்டலிஸ்ட், அதாவது சிலிக்கோனை இறுகவைக்கச் சேர்க்கும் திரவம், குறைந்துவிட்டது. அச்சுச் சிலிக்கோனில் டின், பிளாட்டினம் என்று, இறுகவைக்கும் உலோகத்தால் பெயர் பெற்ற இரண்டு வகை உண்டு. டின் வகைச் சிலிக்கோனில் 100 கிராமுக்கு 2 முதல் 5 கிராம் வரை கேட்கும் பொருட்கள் அதிகம். 50 கிராம் கலக்கிறவருக்கு வேண்டியது 1 கிராமோ 2 கிராமோதான். சமையலறைத் தராசுக்கு இந்த எடை பிடிபடாது. 0.1 கிராம் காட்டுகிற சிறிய மின்தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். துளி எண்ணிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். துளியின் பருமன் போத்தலுக்குப் போத்தல் மாறும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை. சீக்கிரம் இறுகட்டும் என்று கட்டலிஸ்டைக் கூட்டுவதும் பிழைதான். அச்சு இறுகும், ஆனால் கூடுதலாகச் சுருங்கும், சில வாரங்களில் வெடித்துக் கிழியும்.

ஒரு பக்கம் இறுகி, இடையிடையே கோடு கோடாகப் பசை போல நின்றால் கலக்கியது போதவில்லை. கிண்ணத்தின் அடிமூலையிலும் சுவரிலும் ஒட்டியிருப்பது கலவாத சிலிக்கோன். கடைசிச் சொட்டுக்காகக் கிண்ணத்தை வழித்து ஊற்றும்போது அதுவும் அச்சுக்குள் போய்விடும். கலக்கி முடித்ததை இரண்டாவது கிண்ணத்துக்கு மாற்றி இன்னொரு தரம் கலக்குங்கள். இரண்டாவது கிண்ணத்தை வழிக்காதீர்கள்.

மேலே கல்லாக இறுகி, மூலத்துண்டைத் தொட்ட பக்கம் மட்டும் சளி போல இருந்தால் அளவிலோ கலக்கலிலோ பிழையில்லை. மூலத்துண்டு சிலிக்கோனை இறுகவிடாமல் தடுத்திருக்கிறது. இது பிளாட்டினம் வகைச் சிலிக்கோனின் நோய். கந்தகம் கலந்த களிமண், லேட்டெக்ஸ் கையுறை, டின் வகைச் சிலிக்கோன் தொட்ட கரண்டி, முப்பரிமாண ரெசின் பிரின்ட் ஆகிய எதுவும் அதைக் கெடுக்கும்.

கல்முனையில் இருக்கும் என் மருமகன் மீன்பிடி வள்ளங்களை 1:24 அளவில் செய்கிறவன். வள்ளத்தின் பின்னால் பூட்டும் எஞ்சினுக்கு விசிறி வேண்டுமென்று ரெசின் பிரின்டில் ஒன்று எடுத்து, பிளாட்டினம் சிலிக்கோன் ஊற்றியிருந்தான்.

“மாமா, இரண்டு நாளாச்சு, உள்ளுக்கு இன்னும் பிசுபிசுக்குது. சாமான் பழசு போல.”

“மேற்பக்கம் எப்படி இருக்கு?”

“மேல நல்லா இறுகிட்டுது.”

“அப்ப சாமானில பிழையில்ல மகன். விசிறியைத்தான் பார்க்கணும்.”

விசிறியில் ஒட்டியிருந்த சளியை ஸ்பிரிட் துணியால் துடைத்தெடுத்து, நன்றாகக் காயவைத்து, அதே விசிறிக்கு டின் வகைச் சிலிக்கோன் ஊற்றினான். அடுத்த நாள் சுத்தமாகப் பிரிந்தது. ரெசின் பிரின்டைக் கழுவி, பல மணிநேரம் வெயிலில் வைத்து, மேலே அக்ரிலிக் வார்னிஷ் அடித்துப் பிளாட்டினம் வகையில் வெற்றி கண்டவர்கள் உண்டு. எனக்குச் சில தடவை சரி வந்தது, சில தடவை வரவில்லை. மணிக்கணக்காக உழைத்த மூலத்துண்டை அந்தச் சந்தேகத்துக்குள் தள்ள எனக்கு மனமில்லை. எந்தப் புதுப் பொருளிலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஒரு சொட்டுச் சிலிக்கோன் வைத்து, இறுகுகிறதா என்று பார்த்த பிறகே முழுதாக ஊற்றுங்கள்.

இறுகுவது தாமதமானால் பிளாட்டினம் வகைக்கு மட்டும் மிதமான சூடு உதவும். டின் வகையைச் சூடாக்கி அவசரப்படுத்தக் கூடாது. அதற்குக் காற்றில் கொஞ்சம் ஈரம் வேண்டும். அது இங்கே தாராளமாக இருக்கிறது.

அச்சு மூலத்துண்டை விடமாட்டேன் என்கிறது

சிலிக்கோன் எதிலும் ஒட்டாது என்று சொல்வார்கள். ஆனால் மரத்தின் துளைக்குள்ளும் பிளாஸ்டரின் துளைக்குள்ளும் ஊறிப் போய் இறுகினால் பிடுங்க முடியாது. தேக்குச் சீவலில் செய்த மூலத்துண்டுக்கு வார்னிஷ் மெல்லிதாக இரண்டு, மூன்று பூச்சு அடித்து, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்ததை அடியுங்கள். கண்ணாடிமேல் நேரே ஊற்றினாலும் சில சிலிக்கோன் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிக்கும் கொஞ்சம் வாசலின் பூசுங்கள்.

இரண்டு பாதி அச்சில் பாதிகள் ஒன்றாகிப் போவது இன்னும் பெரிய இழப்பு. சிலிக்கோனோடு உறுதியாக ஒட்டுவது சிலிக்கோன்தான். முதற்பாதி இறுகியதும் அதன் முகம் முழுவதும், பூட்டுக்குழிகளின் (இரண்டு பாதியும் நகராமல் பொருந்த விட்ட குழிகளின்) உள்ளும் சேர்த்து, வாசலினை மெல்லிதாகத் தூரிகையால் தடவ வேண்டும். தடவிய கோடுகள் தெரிந்தால் அந்தக் கோடுகளும் இரண்டாம் பாதியில் பதியும். தடவிய பிறகு மென்மையான துணியால் ஒரு தரம் ஒற்றியெடுங்கள். ஒட்டிப் போனவற்றைப் பிரிக்க ஒரு வழி உண்டு. வெளிவிளிம்பிலிருந்து சத்திரசிகிச்சைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, விரலால் விரித்தபடி உள்ளே போங்கள். மூலத்துண்டை மீட்கலாம். அதிர்ஷ்டமிருந்தால் அந்த வெட்டே புதிய மூட்டுக்கோடாக உதவும்.

வார்ப்பில் பரு போல மேடுகள், எப்போதும் ஒரே இடத்தில்

அச்சில் காற்றுக்குமிழி நின்றிருக்கிறது. அந்தக் குழிக்குள் ரெசின் போய் மேடாகிறது. தறையாணித் தலைகளின் அடியில் இப்படி மேடு வந்தால் தலை எது, பரு எது என்று தெரியாமல் போகும்.

வெற்றிடப் பம்பு இல்லாமலும் இதை வெகுவாகக் குறைக்கலாம். நான் செய்வது இதுதான். முதலில் ஒரு கரண்டி சிலிக்கோனை எடுத்து மூலத்துண்டின் மேல் தூரிகையால் மெல்லிய படையாகத் தேய்க்கிறேன். தகட்டுக்கும் தறையாணித் தலைக்கும் இடையிலுள்ள மூலைகளை ஈர்க்கு நுனியால் குத்திக் குத்திப் போகிறேன். தென்னோலை ஈர்க்குக்கு நிகரான கருவி கடையில் நான் காணவில்லை. நுனி மெல்லியது, வளையும், மூலத்துண்டைக் கீறாது. பிறகு மூலத்துண்டை ஒட்டிவைத்த பெட்டியின் ஒரு மூலையில், ஓர் அடி உயரத்திலிருந்து, நூல் போல மெல்லிய தாரையாக ஊற்றுகிறேன். தாரை மெலியும்போது அதற்குள் இருக்கும் குமிழிகள் இழுபட்டு உடையும். சிலிக்கோன் தானாக எழும்பி மூலத்துண்டை மூட வேண்டும். மூலத்துண்டின் தலையில் நேரே ஊற்றினால் அடியில் காற்று மாட்டிக்கொள்ளும்.

கச்சான் நாட்களில் இதற்கெல்லாம் நேரம் போதாது. காலை 6 மணிக்கே ஊற்றி முடித்துவிடுங்கள், அல்லது சிலிக்கோன் போத்தலைக் கலக்கும் முன்பு அரை மணிநேரம் குளிர்ந்த நீரில் வைத்து, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டுக் கலக்குங்கள்.

எவ்வளவு கலப்பது என்று தெரியாமல் முதலில் குறைவாகக் கலந்து, அவசரமாக இரண்டாம் தரம் கலப்பதும் குமிழிக்கு ஒரு காரணம். மூலத்துண்டு ஒட்டிய பெட்டிக்குள் உலர்ந்த அரிசியை வேண்டிய உயரம் வரை கொட்டுங்கள். பிறகு அதை அளவுப் பாத்திரத்தில் ஊற்றிப் பாருங்கள். பெட்டிக்குள் இருந்த இடைவெளிதான் பாத்திரத்திலும் இருக்கும், ஆகவே கணக்குப் பிழைக்காது. வந்த மில்லிலீற்றரை 1.2 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ வேண்டிய கிராம் கிடைக்கும். அரிசித் தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு ஊற்றுங்கள்.

அழுத்தக் கலத்தில் ரெசின் வார்க்கிறவர்களுக்கு இன்னொரு வகைப் பரு வரும். அச்சைத் திறந்தவெளியில் ஊற்றி, வார்ப்பை மட்டும் 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வைத்தால், அச்சின் தோலுக்குக் கீழே ஒளிந்திருக்கும் குமிழிகள் நசுங்கும். அந்தப் பள்ளத்தில் ரெசின் நிற்கும். அழுத்தத்தில் வார்க்கப் போகிற அச்சை அதே அழுத்தத்திலேயே இறுகவிட வேண்டும். சமையல் பிரஷர் குக்கரில் கம்பிரசர் குழாயைப் பூட்டி இதைச் செய்யாதீர்கள். அது அந்த அழுத்தத்துக்குச் செய்த பாத்திரமல்ல, வெடித்தால் ஆளையே கொல்லும்.

வார்ப்பில் நுரை, ஊசித்துளை, பொங்கி வழிதல்

மாரிகாலத்தில் என்னிடம் கேட்கிற கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். இரண்டு பாகமாக வந்து கலக்கிற பொலியூரித்தேன் ரெசினின் ஒரு பாகத்தில் ஐசோசயனேட் இருக்கிறது. அது தண்ணீரைக் கண்டால் அதனோடு சேர்ந்து கரியமில வாயுவை வெளியிடும். மெத்தைக்குள் இருக்கும் நுரை உருவாவதும் இதே விதத்தில்தான். மற்றப் பாகத்தோடு மெதுவாகச் சேர்ந்து இறுக வேண்டியது, ஈரத்தோடு சேர்ந்து பொங்கிவிடுகிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கடதாசிக் கிண்ணமும் ஐஸ்கிறீம் குச்சியும் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். பிளாஸ்டிக் கிண்ணமும் பிளாஸ்டிக் குச்சியும் பாவியுங்கள். தண்ணீரில் கழுவிய அச்சின் மூலைகளில் ஈரம் நிற்கும். வார்க்கும் முன் அச்சை மேசைவிளக்கின் கீழோ காலை வெயிலிலோ வைத்து, கைக்கு இதமான சூடாகும்வரை காய வையுங்கள். ரெசின் நன்றாக ஓட அச்சில் தூவிய முகப்பவுடர் மாரியில் ஈரமாகிக் கட்டி பிடித்திருக்கும், அதையும் பாருங்கள்.

எல்லாம் காய்ந்தபின்னும் நுரைத்தால் போத்தலில் சந்தேகம் வைக்க வேண்டும். ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் வாவிக் காற்று உள்ளே போகிறது. போத்தலின் வாயிலே வெள்ளைத் தோல் போலவும், உள்ளே மணல் போலவும் கட்டி இருந்தால் அந்தப் பாகம் கெட்டுப் போனது. காய்ந்த கிண்ணத்தில் இரண்டு பாகங்களிலும் 5 மில்லிலீற்றர் மட்டும் எடுத்துக் கலந்து வையுங்கள். அச்சில் ஊற்றாமல் கிண்ணத்திலேயே பொங்கினால் பழி அச்சுக்கு இல்லை. கெட்டதைத் திருத்த முடியாது. புதிய போத்தலைக் காப்பாற்றலாம். பிளாஸ்டிக் போத்தலை நசித்துக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். வாயை ரிசுக் கடதாசியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நான் பெரிய போத்தலை வாங்கியதும் சிறியவற்றில் பிரித்துவிடுகிறேன். பெரியது ஒரு தரம்தான் திறக்கும்.

ஐசோசயனேட்டைச் சுவாசித்தால் சிலருக்கு ஆஸ்மா போல மூச்சுத் தடை வரும். ஒருமுறை உடல் அதற்குப் பழகி எதிர்க்கத் தொடங்கினால் பிறகு கொஞ்சமும் ஒத்துவராது. கதவு, சன்னலைத் திறந்து வைத்து, நைட்ரைல் கையுறையோடு வேலை செய்யுங்கள். சிறுபிள்ளைகள் இருக்கும் அறையில் வேண்டாம்.

துளைகள் நுரை போல இல்லாமல் ஆங்காங்கே ஒன்றிரண்டாக, இடம் மாறி மாறி வந்தால் அது ஈரமல்ல, ஊற்றும்போது பிடிபட்ட காற்று. அச்சினுள் முகப்பவுடரைத் தூவி, தட்டி, ஊதி எடுத்துவிட்டு ஊற்றுங்கள். ரெசின் மூலைக்குள் ஓட அந்த மெல்லிய தூசு வழிவிடும். முதலில் கொஞ்சம் ஊற்றி, ஈர்க்கால் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய், பிறகு மிச்சத்தை ஊற்றுங்கள்.

மூலை நிரம்பவில்லை, நுனி வரவில்லை

காற்று போக வழியில்லாத இடத்தில் ரெசின் போகாது. விசிறியின் இதழ் நுனி, கம்பத்தின் தலை, கொக்கியின் வளைவு எல்லாம் காற்று மாட்டும் பைகள். எப்போதும் ஒரே நுனி குறைந்தால் அந்த நுனியிலிருந்து மேற்பரப்புக்கு ஒரு காற்றுவழி வேண்டும். அச்செடுக்கும் முன்பே மூலத்துண்டின் அந்த நுனியில் ஈர்க்குத் துண்டொன்றை ஒரு துளி பசையால் நிறுத்தினால் வழி தானாக உருவாகும். முடிந்த அச்சென்றால் கூரிய கத்தியால் மெல்லிய வெட்டொன்று போடுங்கள். அடுத்த அச்சில் மூலத்துண்டைச் சரித்து வைத்துப் பாருங்கள். எந்த நுனியும் காற்று மாட்டும் பொறியாக நிற்காமல், காற்று மேலே ஏறி ஊற்றுவாயில் வெளியேறும்படி இருக்க வேண்டும்.

துண்டு ஒட்டுகிறது, நகம் பதிகிறது

பொலியூரித்தேன் என்றால் முதலில் விகிதம். 1:1 என்பது கனஅளவா எடையா என்று போத்தலைத் திரும்ப வாசியுங்கள். 100க்கு 90 என்று எடையில் கேட்பவையும் உண்டு. நிறமோ வெள்ளைப் பொடியோ அடியில் படிந்திருக்கும் பாகத்தை நன்றாகக் குலுக்கிவிட்டு அளவெடுங்கள். புதிதாகச் செய்த டின் வகை அச்சில் முதல் சில துண்டுகளின் தோல் மட்டும் ஒட்டினால் அச்சு இன்னும் ஆறவில்லை. அந்தச் சிலிக்கோன் இறுகும்போது மதுசாரம் வெளியேறும், அது போய் முடிய நாட்களாகும். அச்சைப் பிரித்த பிறகும் இரண்டு, மூன்று நாள் திறந்தபடி வையுங்கள்.

கரையோரத்தில் ஃபைபர் வள்ளம் செய்கிற இடங்களில் பொலியெஸ்டர் ரெசின் இலகுவாகக் கிடைக்கும். என் மருமகனும் அதைத்தான் பாவிக்கிறான். வள்ளம் கட்டுகிற ரெசின் காற்றுப் படும் மேற்பரப்பில் ஒட்டும் தன்மையோடேயே நிற்கும்படி செய்தது, அடுத்த படை பிடிப்பதற்காக. சிறு துண்டின் திறந்த முதுகில் அது குறையாகத் தெரியும். ஊற்றியவுடன் ஓ.எச்.பி. தாள் போன்ற பொலியெஸ்டர்த் தாளை மேலே மூடினால் காற்றுப் படாது, முதுகும் மட்டமாக வரும். துண்டு முழுவதும் மெதுமெதுவென்று இருந்தால் கட்டலிஸ்ட் அளவு குறைவு. வள்ளத்தின் பெரிய பரப்பில் தானாக எழும் சூடு, 2 கிராம் துண்டில் எழாது. வழக்கமான 1 முதல் 2 வீதத்தின் மேல்முனையை எடுத்து, அச்சைச் சற்றுச் சூடாக்கிக் கொள்ளுங்கள்.

இதில் ஓர் உயிர் எச்சரிக்கை. பொலியெஸ்டருக்கான கட்டலிஸ்டையும் கோபால்ட் எனும் ஊக்கியையும் ஒருபோதும் நேருக்கு நேர் கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகுதான் கட்டலிஸ்ட். முன்பே கலந்து விற்கும் ரெசினை வாங்குவது மேல். அந்தக் கட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவி, வைத்தியசாலைக்குப் போங்கள்.

அளவு குறைகிறது, துண்டு வளைகிறது

சிலிக்கோனும் சுருங்கும், ரெசினும் சுருங்கும். டின் வகை பிளாட்டினத்தைவிடக் கூடுதலாகச் சுருங்கும், பொலியெஸ்டர் பொலியூரித்தேனைவிடக் கூடுதலாகச் சுருங்கும். ஒரு துண்டில் கண்ணுக்குத் தெரியாது. பாலத்தில் 30 துண்டு தொடர்ந்து பூட்டும்போது துளைகள் பொருந்தாமல் போகும். வார்த்த துண்டை மூலமாக வைத்து இரண்டாம் அச்செடுத்தால் சுருக்கம் இரட்டிக்கும், தறையாணிகளும் மழுங்கும். முதல் மூலத்துண்டைப் பத்திரமாக வையுங்கள். எல்லா அச்சையும் அதிலிருந்தே எடுங்கள்.

மெல்லிய துண்டு வளைந்தால் அவசரப்பட்டுப் பிரித்திருக்கிறீர்கள். பொலியூரித்தேன் துண்டைச் சுடுநீரில் ஒரு நிமிடம் விட்டு, கண்ணாடிமேல் வைத்து, மேலே இன்னொரு கண்ணாடியை அழுத்தி ஆறவிட்டால் நேராகும்.

மூட்டுக்கோட்டில் செதில், பாதிகள் விலகிய படி

பாதிகளுக்கிடையே ரெசின் கசிந்து இறுகிய செதில் தடிப்பாக இருந்தால் பாதிகள் சரியாக மூடவில்லை. முகத்தில் பழைய ரெசின் துணுக்கு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இரு பக்கமும் மட்டமான பலகை வைத்து அதன்மேல் ரப்பர் பட்டி போடுங்கள். பட்டியை நேரே சிலிக்கோனில் இறுக்கினால் செதில் மறையும், ஆனால் வட்டச் சக்கரம் முட்டையாக வரும். ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே என்று படி விழுந்தால் பூட்டுக்குழிகள் ஆழமில்லை. அதைத் திருத்த முடியாது, இரண்டாம் பாதியைப் புதிதாக ஊற்ற வேண்டும்.

அச்சு விரைவில் கிழிகிறது

ஒரு நல்ல அச்சிலிருந்து 20 முதல் 50 துண்டு வரை எதிர்பார்க்கலாம். உள்வளைவு அதிகமானால் குறையும். பொலியெஸ்டர் வார்த்தாலும் குறையும். அதிலுள்ள ஸ்டைரீன் சிலிக்கோனுக்குள் ஊறி அதை வீங்கவும் காயவும் வைக்கும். ஆறு, ஏழு துண்டுக்கு ஒரு தரம் அச்சை ஒரு நாள் ஓய்வாக விடுங்கள். துண்டு சூடாக இருக்கும்போது இழுக்காதீர்கள். இழுப்பதைவிட அச்சை வளைத்து, துண்டு தானாக வெளியே வரச் செய்வதே நல்லது. அச்சைத் திறக்கக் கத்தியால் வெட்டும்போது நேர்கோடாக வெட்டாமல் வளைந்து வளைந்து வெட்டினால் மூடும்போது தானாகப் பொருந்தும், கிழிசலும் நேரே ஓடாது.

ஹார்ட்வெயார் கடைச் சிலிக்கோன் உள்ளே இறுகவில்லை

குளியலறை ஓரத்துக்குப் பூசும் குழாய்ச் சிலிக்கோனில் அச்செடுக்க முயன்றவர்களின் பிழை இது. அது காற்றிலுள்ள ஈரத்தால் வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுவது. தடிப்பாக அப்பினால் வெளித்தோல் மட்டும் இறுகி, உள்ளே வாரக்கணக்கில் பசையாகவே கிடக்கும். வினாகிரி மணம் வருகிற வகையை வாங்கி, அதே கனஅளவு சோளமா சேர்த்துக் கையுறையோடு பிசைந்தால் மாவிலிருக்கும் ஈரம் உள்ளேயும் வேலை செய்யும். சில நிமிடங்களில் தடித்துவிடும், ஆகவே மூலத்துண்டில் வாசலின் பூசித் தயாராக வைத்துக்கொண்டு பிசையுங்கள். மணமில்லாத வகையும் அக்ரிலிக் வகையும் இதற்கு உதவாது. வண்டிச் சக்கரம், பெட்டி, பீப்பாய் போன்றவற்றுக்கு இது போதும். தறையாணிகளை இதில் எடுக்க முயலாதீர்கள், பிசைந்த மா அந்த அளவு நுணுக்கமான இடத்துக்குள் ஓடாது.

பெயின்ட் வட்ட வட்டமாக விலகுகிறது

துண்டின் மேலே சிலிக்கோன் எண்ணெயோ வாசலினோ இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவம் விட்ட இளஞ்சூட்டு நீரில் பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவி, முழுதாகக் காயவிட்டு, பிறைமர் அடித்த பிறகே நிறம் பூசுங்கள். ஏற்கனவே பூசி விலகியதன் மேல் இன்னொரு பூச்சு அடித்தால் தறையாணித் தலைகள் மூடிவிடும். முதற்பூச்சை முழுதாக எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.